இயல்பாய் நில்

முப்பத்தோரு வருசம் நீல டிராக் பேண்ட்.
ஓய்வுபெற்ற மறுநாள் காலையில்தான் பார்த்தேன்,
பீரோவில் எனக்கென்று இருந்தவை
நாலு விசில், பதினொரு டிராக் பேண்ட்,
கல்யாணத்துக்குத் தைத்த ஒரு சஃபாரி.

மகள் பிரசவத்துக்கு மஸ்கட் போயிருந்த மங்கையர்க்கரசி
போனில் சொன்னாள்:
"வீட்டுக்கு வர்றவுக முன்னாடி அதோட நிக்காதீக.
காரைக்குடியில, செக்காலை ரோட்டுக் கடையில
கூடவே வந்து எடுத்துக் குடுக்க ஆள் போடுறாகளாம்.
அதுக்குத் தனியாக் காசு இல்ல. போங்க."

ஐந்து மாடி. வாசலில் பன்னீர் தெளித்தார்கள்.
மூன்றாவது மாடியில் எனக்கென்று ஒதுக்கிய ஆள்
இன்ச் டேப்பை மாலையாய்ப் போட்டு நின்றான்.
சட்டையில் பெயர்: ம. சூசையருள்.
"உங்க உடுப்பு ஆலோசகர், சார்"
என்றான், சிரிக்காமல்.

முதலில் கேள்விகள்.
காலையில் எங்கே போவீர்கள்?
எங்கும் இல்லை.
சாயங்காலம்?
இன்னும் முடிவாகவில்லை.
பிடித்த நிறம்?
யோசித்தேன். விளையாட்டு விழாவின்
நாலு அணி நிறங்கள்தான் வந்து நின்றன;
நடுவர் எதையும் விரும்பக் கூடாது.

"நேரா நில்லுங்க சார்."
நின்றேன்.
"கையை விரிங்க. கீழ விடுங்க. மூச்சை இழுக்காதீங்க."
இழுத்திருக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.
டேப் காட்டிய நாற்பத்திரண்டை
அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை.
சீட்டில் எழுதி மடித்தான்.

குனிந்தபோது
இடது காதின் மேல்மடிப்பில் ஒரு வெட்டு.
புதுவயல் பள்ளி. பத்து ஆ.
கோல் கம்பத்துக் கம்பி கிழித்த காது.

புதன்கிழமைகளில் வெள்ளைச் சீருடை.
செம்மண் மைதானத்தில் வெள்ளை கேன்வாஸ் என்பது
யார் போட்ட உத்தரவோ, விசில் ஊதியது நான்.
ஒரு பையன் பழுப்பு ஷூவில்
சாக்பீஸ் தேய்த்துக்கொண்டு வந்தான்.
ஓட விட்டேன்.
மூன்றாவது சுற்றில் வெள்ளை முழுக்கப் பறந்து
ஷூ தன் நிறத்துக்கு வந்தது.
வரிசை மொத்தமும் சிரித்தது.
நானும்.

அவன்தானா இவன்?
காது ஒருவனுடையது, ஷூ இன்னொருவனுடையது
என்றும் இருக்கலாம். வருசத்துக்கு நானூறு பேர்.
நான் கேட்கவில்லை.
அவனும் புதுவயலை
ஒரு சட்டைப் பொத்தான் அளவுகூட
வெளியே காட்டவில்லை.

மாற்றிப் பார்க்கும் அறையில் மூன்று கண்ணாடி.
மூன்றிலும் தொப்பை. மூன்றிலும்
விசில் கயிறு கிடந்த இடத்தில் மட்டும்
வெயில் படாத வெள்ளைக் கோடு, கழுத்தைச் சுற்றி.
"காலர் ஏத்தி வெச்சா மறைஞ்சிரும் சார்."
"வேணாம். இருக்கட்டும்."
மஞ்சள் சட்டையொன்றை என் தோளில் போட்டு,
தள்ளி நின்று பார்த்து, அவனே எடுத்தான்:
"இது உங்களை ஜெயிச்சிரும்."

மாம்பிஞ்சுப் பச்சையில் ஒன்று, சாம்பலில் இரண்டு,
அவிழாத ஒட்டுவேட்டி ஒரு ஜோடி.
"காலுக்கு?" என்றான்.
கை தன்னால் போனது, அலமாரியில்
வரிசையாய் நின்ற வெள்ளை கேன்வாஸ் பக்கம்.
"வெள்ளை வேணாம் சார்," என்றான்
லேஸைச் சரிசெய்தபடி, நிமிராமல்,
"நம்ம மண்ணுக்கு நிக்காது."

பில் போடும் இடத்தில் கூட்டம்.
காலை ஒன்பதிலிருந்து நிற்கிறவன்
ஒரு குதிகாலை மெல்ல ஷூவுக்கு வெளியே எடுத்து
மேற்பார்வையாளர் திரும்பியதும் உள்ளே நுழைத்தான்.
மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
வந்தது, ஐந்து மாடிக்கும் கேட்கும்படி,
பழைய குரல்:
"இயல்பாய்... நில்!"

அவன் கால்கள் விலகின.
கைகள் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன.
துணி மடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் அப்படியே.
தூணருகே மேற்பார்வையாளரும்.

பில் போட்டவர் மட்டும் கேட்டார்,
"பைக்கு அஞ்சு ரூவா. போடவா?"